ஒன்பது மா நிலமும் சட்டத்தின் படிகளும்

1999-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தாலுகா நகரத்தில், ஒரு வக்கீல் வீட்டுத் திண்ணையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா, நான், தம்பி. அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அம்மா அதற்கு நான்கு வருடம் முன்பே போய்விட்டார். தாத்தா வழியில் வந்த ஒன்பது மா நஞ்சையை, அதாவது மூன்று ஏக்கரைப் பாகம் பிரிக்க வேண்டும். அப்பா உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. வக்கீல் ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டு எங்கள் முன் நீட்டினார். தம்பிக்கு நாலு மா. எனக்கு நாலு மா. அக்காவுக்கு ஒரு மா.

அக்கா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நானும் இந்த வீட்டுப் பொண்ணுதானே சார்?"

வக்கீல் பொறுமையாகத்தான் சொன்னார். "நீங்க எண்பத்தேழுலயே கல்யாணம் ஆகிப் போயிட்டீங்கம்மா. சட்டம் எண்பத்தொன்பது மார்ச்சுலதான் வந்தது. தங்கச்சிக்கு அப்ப கல்யாணம் ஆகல. அதான் வித்தியாசம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஒரு மகளிர் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மார்ச் 8 கூட்டங்களில் பேசுகிறவள். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமே பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டோம்.

நாலு, நாலு, ஒன்று. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பெண்களுக்கு நடுவே இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை. தேடலின் தொடக்கத்தில், ஆண்களின் சட்டம் பெண்களுக்கு எதிராக இருக்கும், வேறென்ன என்றுதான் நினைத்தேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி, எந்தச் சட்டம் எந்தச் சட்டத்துக்கு மேலே நிற்கிறது என்ற வறண்ட கேள்விக்குள் ஒளிந்திருந்தது.

படிகள்

வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது கரும்பலகையில் படிக்கட்டு ஒன்று வரைவேன். உச்சிப்படியில் அரசமைப்புச் சட்டம். அதற்குக் கீழே நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் இயற்றும் சட்டங்கள். அதற்கும் கீழே அந்தச் சட்டங்களின் பேரில் அரசு வகுக்கும் விதிகள். பிறகு அரசாணைகள், சுற்றறிக்கைகள். கடைசிப் படியில் கிராம நிர்வாக அலுவலரின் மேசைமேல் இருக்கும் பதிவேடு. கீழ்ப்படி மேல்படியை மீறக் கூடாது. மீறினால் செல்லாது.

ஒற்றை அரசுள்ள நாட்டில் கதை இத்துடன் முடிந்துவிடும். கூட்டாட்சியில் முடியாது. இரண்டாம் படியில் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒன்றியமும் மாநிலமும். யார் எதைப் பற்றிச் சட்டம் இயற்றலாம் என்பதற்கு அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு. திருமணம், மணவிலக்கு, தத்து, உயில், வாரிசுரிமை, கூட்டுக்குடும்பம், பாகப்பிரிவினை எல்லாம் பொதுப்பட்டியலின் ஐந்தாம் இனத்தில் வருகின்றன. அதாவது ஒன்றியமும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். இரண்டும் மோதினால் 254-ஆம் உறுப்பு தீர்ப்புச் சொல்லும்: ஒன்றியச் சட்டமே நிற்கும். ஆனால் மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்திருந்தால், அந்த மாநிலத்துக்குள் மட்டும் மாநிலச் சட்டம் நிற்கும். பின்னால் நாடாளுமன்றம் நினைத்தால் அதையும் மாற்றலாம்.

மாணவிகள் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இந்த வரிகளில் எங்கள் அப்பாயியின் வயலும் அக்காவின் பங்கும் கிடக்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பாயியின் வயல்

அப்பாயி என்றால் அப்பாவின் அம்மா. தாத்தா 1943-இல் இறந்தபோது அவளுக்கு இருபத்துநாலு வயது, கையில் ஐந்து வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைதான் என் அப்பா. தாத்தாவின் அண்ணன் வயலைப் பார்த்துக்கொண்டார். அப்பாயிக்கு வருடம் பத்துக் கலம் நெல் அளந்தார்கள்.

அப்பாயியின் பேச்சில் ஒரு வழக்கம் இருந்தது. திண்ணையைக் காட்டி "இது என் வீடு" என்பாள். வயலைச் சொல்லும்போது மட்டும் "அவங்க வயல்" என்பாள். தன் மகன் உழுத வயலையும் அப்படித்தான் சொன்னாள். சின்ன வயதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் இறந்து பல வருடம் கழித்துத் தகரப்பெட்டியில் 1944-ஆம் வருடத்து வக்கீல் கடிதம் ஒன்று கிடைத்தது. வீட்டில் உங்களுக்குப் பங்கு உண்டு, நிலத்தில் கிடையாது, நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று இரண்டு வரி. அவள் பேச்சு வேடிக்கையல்ல, துல்லியமான சட்டவிளக்கம் என்று அப்போதுதான் புரிந்தது.

"அந்தச் சட்டம்" 1937-ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம். ஜி. வி. தேஷ்முக் மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது. அவர் கொண்டுவந்த மசோதாவில் மகள்களும் இருந்தார்கள். அது சட்டமாகி வெளியே வந்தபோது மகள்கள் இல்லை, விதவைகள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களுக்கும் முழு உரிமை இல்லை. உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், இஷ்டப்படி விற்க முடியாது. ஆனாலும் அதுவரை சோற்றுக்கும் துணிக்கும் கையேந்தி நின்ற விதவை, கணவனுக்கு இருந்த பங்கைத் தன் பங்கு என்று சொல்ல முடிந்தது அந்தச் சட்டத்தால்தான்.

இந்த மசோதா பயணம் செய்த நாட்களைப் பாருங்கள். மத்தியச் சட்டமன்றம் அதை நிறைவேற்றியது 1937 பிப்ரவரி 4. மேலவை நிறைவேற்றியது ஏப்ரல் 6. தலைமை ஆளுநர் ஒப்புதல் தந்தது ஏப்ரல் 14. நடுவே, ஏப்ரல் 1-ஆம் தேதி, 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் மாகாணத் தன்னாட்சிப் பகுதி நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தச் சட்டமும் அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்திருந்தது. வாரிசுரிமை பொதுப்பட்டியலில் இருந்தது, ஆனால் "விவசாய நிலம் நீங்கலாக" என்ற விலக்கோடு. விவசாய நிலம் யாருக்கு இறங்கும் என்பது மாகாணங்களின் அதிகாரம் ஆகிவிட்டது. மசோதா புறப்பட்டபோது டெல்லிக்கு நிலத்தின்மீது அதிகாரம் இருந்தது. மேலவையைத் தாண்டுவதற்குள் அது போய்விட்டது.

இதைச் செய்யச் சட்டம் இயற்றியவர்களுக்கு அதிகாரம் உண்டா என்று கேள்வி எழுந்தது. தலைமை ஆளுநர் ஃபெடரல் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1941 ஏப்ரலில் தலைமை நீதிபதி மாரிஸ் குவாயர் தலைமையிலான நீதிமன்றம் கருத்துச் சொன்னது. சட்டம் செல்லும். ஆனால் அதில் உள்ள "சொத்து" என்ற சொல்லை, ஆளுநர் ஆட்சிக்குட்பட்ட மாகாணங்களில், விவசாய நிலம் நீங்கலான சொத்து என்றே படிக்க வேண்டும். தனக்கு இல்லாத அதிகாரத்தைச் சட்டமன்றம் பயன்படுத்த நினைத்திருக்காது என்பது அதன் தர்க்கம்.

சட்ட மாணவர்களுக்கு இது நல்ல தீர்ப்பு. ஒரு சட்டம் முழுவதும் செல்லாமல் போகாதபடி காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் சட்டத்தைக் காப்பாற்ற நிலத்தைக் கழற்றிவிட்டார்கள். அன்றைய கிராமத்தில் நிலம் நீங்கலான சொத்து என்றால் என்ன? ஒரு வீடு, நாலு பாத்திரம், ஒரு ஜோடி மாடு. விதவைக்குப் பங்கு தருவதா வேண்டாமா என்று அந்த நீதிமன்றத்தை யாரும் கேட்கவில்லை. அதிகாரம் டெல்லிக்கா மாகாணத்துக்கா என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு வந்த பதிலில் அப்பாயியின் வயல் போய்விட்டது.

மாகாணம் உடனே ஒரு சட்டம் போட்டு இதைச் சரிசெய்திருக்கலாம். சில மாகாணங்கள் செய்தன. சென்னையில் 1939-இல் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியதிலிருந்து 1946 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே இல்லை, ஆளுநர் ஆட்சிதான். 1937 சட்டத்தை விவசாய நிலத்துக்கும் விரிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது. தாத்தா இறந்து நான்கு வருடம் கழித்து.

இழப்பு அத்துடன் நிற்கவில்லை. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன் 14-ஆம் பிரிவைப் பெண்கள் கொண்டாட நியாயம் உண்டு. ஒரு பெண்ணின் கையில் வரையறுக்கப்பட்ட உரிமையாக இருந்த சொத்து அன்றிலிருந்து அவளுடைய முழுச் சொத்து ஆயிற்று. ஆனால் அது கையில் இருந்த சொத்துக்குத்தான். நிலப் பங்கு பெற்ற விதவை 1956-இல் நிலத்துக்கு முழுச் சொந்தக்காரி ஆனாள். நெல் மட்டும் அளக்கப்பட்டவளுக்கு முழுமையாக்கிக்கொள்ள நிலம் எதுவும் இல்லை. மேல்படியில் ஒருமுறை தவறவிட்டவளுக்கு அடுத்த படியிலும் கால் எட்டவில்லை.

அரசமைப்பை எழுதியவர்கள் "விவசாய நிலம் நீங்கலாக" என்ற சொற்களைப் பொதுப்பட்டியலின் வாரிசுரிமை இனத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்றே சொற்கள். அவை அப்பாயிக்கு என்ன செய்தன என்பதை அந்த இரண்டு வரி வக்கீல் கடிதம் சொல்கிறது.

செத்த சட்டத்தின் கீழ் முப்பத்தைந்து வருடம்

அப்பாயியின் கதையை வகுப்பில் சொன்ன ஒருநாள், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்க பாட்டிக்கும் இப்படித்தான் மிஸ். ஆனா நாங்க கிறிஸ்டியன்ஸ். எங்களுக்குத் திருவிதாங்கூர் சட்டம்னு சொல்லித்தான் கொடுக்காம விட்டாங்க."

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைக்கல் மாறினால் சட்டமும் மாறிவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மாறாது. யாராவது நீக்கும்வரை பழைய சட்டம் மண்ணோடு கூடவே வரும். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1916-இல் இயற்றிய கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் கூட வந்தது. அதன்படி மகளுக்கு மகனின் பங்கில் நாலில் ஒன்று, அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. விதவைக்கு ஆயுள்வரை மட்டும் அனுபவம், மறுமணம் செய்தால் அதுவும் போச்சு.

இதற்கிடையே 1951 ஏப்ரல் 1 முதல், பழைய சமஸ்தானப் பகுதிகளுக்கு ஒன்றியச் சட்டங்களை விரிக்கும் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்திருந்தது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும் அவற்றில் ஒன்று. அதில் மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம். அப்படியானால் திருவிதாங்கூர் சட்டம் 1951-லேயே செத்துவிட்டதா? அல்லது, நடப்பிலுள்ள வேறு சட்டத்துக்கு வழிவிடும் ஒரு வாசகம் 1925 சட்டத்திலேயே இருந்ததே, அதைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறதா? சென்னை உயர்நீதிமன்றத்தில் 1970-களில் ஒரு நீதிபதி செத்துவிட்டது என்றார். பிறகு இரு நீதிபதிகள் அமர்வு 1978-இல் இல்லை, உயிரோடுதான் இருக்கிறது என்றது. குமரிப் பெண்களின் பங்கு இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு இடையில் ஊசலாடியது.

கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் உச்சநீதிமன்றம் போனார். இந்தச் சட்டம் சமத்துவ உரிமைக்கு, 14-ஆம் உறுப்புக்கு விரோதமானது என்பது அவர் வாதம். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. அவர் வென்றார். ஆனால் சமத்துவத்தின் பேரில் வெல்லவில்லை. 1951-லேயே ஒன்றியச் சட்டம் வந்து திருவிதாங்கூர் சட்டத்தை நீக்கிவிட்டது, ஆகவே சமத்துவக் கேள்விக்குள் போக வேண்டிய தேவையே இல்லை என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பை நான் மகிழ்ச்சியோடும் எரிச்சலோடும் படிக்கிறேன். மகிழ்ச்சிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எரிச்சல் ஏனென்றால், ஒரு மகள் தன் சகோதரனுக்குச் சமமா என்று கேட்டு ஒரு பெண் நாட்டின் உச்சநீதிமன்றம் வரை நடக்கிறாள். அதற்கு, நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அவசியமில்லை, உன் ஊர்ச் சட்டம் கீழ்ப்படி, எங்கள் சட்டம் மேல்படி என்று பதில் வருகிறது. படிநிலை அவளுக்குச் சொத்தைக் கொடுத்தது. அவள் கேட்ட மரியாதையைக் கொடுக்கவில்லை. இதில் இன்னொரு கசப்பும் இருக்கிறது. 1951 முதல் 1986 வரை முப்பத்தைந்து வருடம், செத்துப்போன ஒரு சட்டத்தைக் காட்டி ஆயிரக்கணக்கான வீடுகளில் மகள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மாணவியின் பாட்டியும் அதில் ஒருத்தி.

சமத்துவக் கேள்வியை நீதிமன்றங்கள் சுற்றிக்கொண்டு போவது புதிதல்ல. 1951-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நரசு அப்பா மாலி வழக்கில், எழுதப்படாத தனிநபர் சட்டம் 13-ஆம் உறுப்பு சொல்லும் "சட்டம்" என்பதற்குள்ளேயே வராது, ஆகவே அடிப்படை உரிமைகளை வைத்து அதை உரசிப் பார்க்க முடியாது என்றது. படிக்கட்டின் எந்தப் படியிலும் நிற்காமல், பக்கவாட்டில் தனி ஏணி போட்டு நிற்கும் சட்டம். பெண்களின் வாழ்க்கையில் பாதி அந்த ஏணியில்தான் தொங்குகிறது.

மாநிலம் முந்திய காலம்

இனி எங்கள் கணக்குக்கு வருகிறேன். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு அப்பாவின் பங்கில் பங்கு கொடுத்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே வரும் பங்கை ஆண்களுக்கு மட்டுமே விட்டுவைத்தது. பிறந்த ஆண்பிள்ளை தொட்டிலிலேயே பங்காளி. தமிழில் பங்காளி என்ற சொல்லுக்குப் பெண்பால் கிடையாது என்பதை யோசித்திருக்கிறீர்களா? இல்லாத பொருளுக்குச் சொல் எதற்கு என்று மொழியும் விட்டுவிட்டது போலும்.

பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாடு தீர்மானம் போட்டது. அது சட்டமாகச் சரியாக அறுபது வருடம் ஆனது. 1989-இல் தமிழகச் சட்டமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்குரிமை உள்ளவள் என்றது. பொதுப்பட்டியலில் இருக்கும் விஷயம், ஏற்கனவே ஒன்றியச் சட்டம் இருக்கிறது. எனவே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கி, 1990-ஆம் ஆண்டின் முதலாம் சட்டமாக வந்தது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. ஆந்திரம் இதே வழியில் சற்று முந்தியிருந்தது. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் 1994-இல் பின்தொடர்ந்தன. நாடாளுமன்றம் செய்யத் துணியாததை மாநிலங்கள் செய்தன. 1941-இல் நிலத்தைப் பறித்த அதே அதிகாரப் பிரிவினை, 1989-இல் நிலத்தைக் கொடுக்கும் கருவியானது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்பே திருமணமான மகளுக்கு இது பொருந்தாது. கல்யாணத்தின்போதே நகையும் சீரும் கொடுத்தாயிற்றே என்ற வாதத்தை நாமெல்லாரும் கேட்டிருக்கிறோம். அக்காவுக்குக் கொடுத்தது பதினைந்து பவுன். அதில் பாதி மாமாவின் முதல் வியாபார நஷ்டத்தில் போயிற்று. எனக்கு 1991-இல் கல்யாணம். எனக்கும் பதினைந்து பவுன்தான் போட்டார்கள். அந்தப் பவுன் என் பங்கைக் குறைக்கவில்லை.

இப்போது அந்த வக்கீலின் கணக்கைப் பாருங்கள். 1989 சட்டப்படி அப்பா, தம்பி, நான் மூவரும் பிறப்பால் பங்குரிமை உள்ளவர்கள். ஒன்பது மாவில் ஆளுக்கு மூன்று. அப்பா இறந்ததும் அவருடைய மூன்று மா, 1956 சட்டப்படி, மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. தம்பிக்கு மூன்றும் ஒன்றும் நாலு. எனக்கு மூன்றும் ஒன்றும் நாலு. அக்காவுக்கு அந்த ஒன்று மட்டும். கணக்கில் பிழையில்லை. மாநிலச் சட்டமும் ஒன்றியச் சட்டமும் தத்தம் படியில் சரியாக நின்று, எங்கள் இருவருக்கும் நடுவே மூன்று மா அகலத்துக்கு ஒரு வரப்பைப் போட்டிருந்தன.

தேதிகள்

2005-இல் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மகள்கள் பிறப்பால் பங்குரிமை உள்ளவர்கள். திருமணமானவள், ஆகாதவள் என்ற பிரிப்பு இல்லை. மாநிலம் போட்ட கோட்டை மேலிருந்து ஒன்றியம் அழித்தது. விவசாய நிலத்தின் குத்தகை உரிமை பற்றிய மாநிலச் சட்டங்களுக்கு வழிவிட்ட 4-ஆம் பிரிவின் வாசகமும் நீங்கியது. ஆனால் வேறொரு கோடு வந்தது. அந்த மசோதா மாநிலங்களவையில் அறிமுகமான 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பின் மூலமோ நடந்த பாகப்பிரிவினைகளை இது தொடாது.

அடுத்த பதினைந்து வருடம் நீதிமன்றங்கள் தேதிகளோடு போராடின. 2015-இல் பூலாவதி வழக்கில், 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது உச்சநீதிமன்றம். 2018-இல் தானம்மா வழக்கில், அதற்கு முன்பே தந்தையை இழந்த மகள்களுக்கும் பங்கு கொடுத்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு குழப்பத்தைத் தீர்த்தது: இது பிறப்பால் வரும் உரிமை, அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல.

ஊரடங்குக் காலம். அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "டிவியில சொல்றாங்களேடி, எல்லாப் பொண்ணுக்கும் சமபங்குன்னு. அப்பா எப்பச் செத்திருந்தாலும் சரியாம். அப்ப எனக்கும் உண்டா?"

நான் 2004 டிசம்பர் 20-ஐச் சொன்னேன். நாம் பதிவு செய்தது 1999 என்றேன். அன்று பத்திரம் எழுதாமல் இழுத்தடித்திருந்தால், வாய்ப்பேச்சாகவே விட்டிருந்தால், இன்று உனக்கு மூன்று மா வந்திருக்கும் என்றேன். எதிர்முனையில் கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தாள்.

"கல்யாணத்துலயும் முந்திட்டேன், கையெழுத்துலயும் முந்திட்டேன்."

அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. பெண்களுக்காக வந்த ஒவ்வொரு சட்டமும் ஒரு தேதியோடு வருகிறது. தேதி இல்லாமல் சட்டம் இருக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோடு ஒவ்வொரு முறையும் பெண்களின் நடுவேதான் விழுகிறது. 1947-க்கு முன் விதவையானவள், பின் விதவையானவள். 1989-க்கு முன் தாலி கட்டியவள், பின் கட்டியவள். 2004-க்கு முன் கையெழுத்துப் போட்டவள், போடாதவள். என் தம்பியின் பங்குக்கு இந்தத் தேதிகளில் எதுவும் தேவைப்படவில்லை. அவன் எந்த வருடம் கல்யாணம் செய்தான் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு ஒன்றியம் நல்லதா மாநிலம் நல்லதா என்று என் மாணவிகள் கேட்பதுண்டு. 1937-இல் மேலிருந்தவர்கள் கொடுத்தார்கள், அதிகாரப் பிரிவினை தடுத்தது. 1989-இல் மாநிலம் கொடுத்தது. 1986-இலும் 2005-இலும் மேலிருந்து வந்தது. எந்தப் படியும் நிரந்தரமாக நம் பக்கம் நிற்கவில்லை. பெண்கள் எந்தப் படியில் கூடி நின்று தட்டினார்களோ அந்தப் படி கொஞ்சம் திறந்தது. எந்தப் படியைத் தட்ட வேண்டும் என்று தெரிந்திருப்பது பாதி வேலை. அதனால்தான் இந்த வறண்ட பாடத்தை விடாமல் சொல்லிக்கொடுக்கிறேன்.

மீதிப் பாதி சட்டப் புத்தகத்தில் இல்லை. அன்று திண்ணையில் நான் வாயைத் திறந்திருந்தால் பத்திரத்தில் மூன்று, மூன்று, மூன்று என்று எழுதுவதை எந்தச் சட்டமும் தடுத்திருக்காது. வாரிசுகள் மனமொத்து எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். சட்டம் எனக்கு நாலு மா கொடுத்தது என்பது உண்மை. அதை அப்படியே வாங்கிக்கொண்டது நான்.

2021-இல் என் பங்கில் ஒரு மாவை அக்காவுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்தேன். "இப்ப எதுக்குடி இதெல்லாம்?" என்றாள், ஆனால் கூடவே வந்தாள். தம்பியிடமும் கேட்டேன். "சட்டப்படி எல்லாம் முடிஞ்சு போச்சேக்கா" என்றான். அவன் சொன்னது சரிதான். சட்டப்படி எல்லாம் முடிந்துதான் போயிருந்தது.

பட்டா மாற்றத்துக்குப் போனோம். படிக்கட்டின் கடைசிப் படி அதுதான். மேலே எத்தனை தீர்ப்பு வந்தாலும் அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறாதவரை வயல் "அவங்க வயல்"தான். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர் தலைநிமிராமல் கேட்டார்: "வீட்டுக்காரர் பேரு?"

"எங்கப்பா பேரைப் போடுங்க" என்றாள் அக்கா.

இப்போது கணக்கு நாலு, மூன்று, இரண்டு. இன்னும் ஒரு மா பாக்கி இருக்கிறது.